சிறுநீர்ப் பாதைத் தொற்று: யாருக்கு எந்தக் கிருமி, ஏன்?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, போய்விட்டு வந்த பின்னும் மீதம் இருப்பது போன்ற தோற்றம், அடிவயிற்றில் வலி. இவற்றை நம் மக்கள் நீர்க்கடுப்பு என்றும் நீர்ச்சுருக்கு என்றும் சொல்வார்கள். உடல் சூடு என்று எண்ணி இளநீரும் மோரும் குடித்துப் பார்ப்பதும் வழக்கம். கோடையில் போதிய தண்ணீர் குடிக்காததால் சிறுநீர் அடர்த்தியாகி எரிந்தால், அது இவ்வாறே சரியாகிவிடும். ஒன்றிரண்டு நாளில் அடங்காத எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாத் தொற்று.

புறநோயாளர் பிரிவில் இதற்காக வருவோர் முதலில் கேட்பது, "என்ன மாத்திரை சாப்பிடலாம்?" என்பதுதான். விடை சொல்வதற்கு முன் மருத்துவர் பல கேள்விகளைக் கேட்பார். கர்ப்பமாக இருக்கிறீர்களா, சர்க்கரை நோய் உண்டா, கல் இருந்ததா, அண்மையில் மருத்துவமனையில் தங்கினீர்களா, டியூப் போட்டிருந்தார்களா, கடந்த சில மாதங்களில் வேறு மாத்திரை சாப்பிட்டீர்களா என்பன போன்றவை அவை. எந்தக் கிருமி என்பதைக் கல்ச்சர் பரிசோதனைதான் உறுதிசெய்யும். அதன் முழு முடிவு வர 2 முதல் 3 நாள்கள் ஆகும். அதுவரை தரப்படும் மருந்து, உங்கள் உடல்நிலையை வைத்து மருத்துவர் செய்யும் கணிப்பைப் பொறுத்தது. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விவரம் அந்தக் கணிப்பைத் தவறாக்கிவிடும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

சிறுநீரகங்களில் உருவாகும் சிறுநீர், இரண்டு சிறுநீர் நாளங்கள் வழியே சிறுநீர்ப்பையை அடைகிறது. அங்கிருந்து சிறுநீர்ப் புறவழி என்னும் குழாய் வழியே வெளியேறுகிறது. தொற்று பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலே ஏறுகிறது. சிறுநீர்ப்பையோடு நின்றால் எரிச்சலும் கடுப்பும் மட்டுமே இருக்கும். சிறுநீரகத்தை எட்டினால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி ஆகியவை தோன்றும்.

ஏறும் கிருமிகளில் முதன்மையானது ஈ.கோலை. குழந்தை மருத்துவரான தியோடர் எஷெரிக் 1885இல் குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டு விவரித்தார். வேறு கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கு வரும் தொற்றுகளில், உலக அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு இதுவே காரணம். நம் ஒவ்வொருவரின் பெருங்குடலிலும் ஈ.கோலை தீங்கின்றி வாழ்கிறது. அவற்றுள் சில வகைகளுக்கு மட்டும் மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றைக் கொண்டு சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதால், சிறுநீரின் வேகத்தில் அவை அடித்துச் செல்லப்படுவதில்லை.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தியதால்தான் தொற்று ஏற்பட்டது என்று பல பெண்கள் கருதுகின்றனர். உண்மையில் கிருமி வருவது பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே. கழிப்பறைக்கு அஞ்சி, காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பதுதான் தீங்கானது. சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகும் ஒவ்வொரு முறையும், உள்ளே நுழைந்த கிருமிகளில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அடக்கும்போது அவை பெருகக் கால அவகாசம் கிடைக்கிறது. ஜவுளிக் கடை, தையற்கூடம், பள்ளி, பேருந்து என்று நாள் முழுதும் நின்று பணியாற்றும் பெண்களிடம் நான் இதனை அடிக்கடி காண்கிறேன். கடைகளில் பணியாற்றுவோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. இருக்கைக்கு இணையாக, கழிப்பறைக்குச் சென்று வரும் சில நிமிடங்களும் அவர்களுக்குத் தேவை.

தண்ணீர் குடிப்பதன் பயனுக்குச் சான்றும் உண்டு. மீண்டும் மீண்டும் தொற்று வந்த, குறைவாக நீர் அருந்தும் வழக்கமுடைய 140 பெண்களிடம் பல்கேரியாவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ உங்களுக்கு நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், இந்த அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

பெண்களுக்குச் சிறுநீர்ப் புறவழியின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கிருமி ஏறவேண்டிய தொலைவு அவ்வளவு குறைவு; மலவாயும் அருகிலேயே உள்ளது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொற்று வருகிறது. இதற்கும் ஒருவரது ஒழுக்கத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

புதிதாகத் திருமணமான பெண்களுக்கு முதல் சில வாரங்களில் தொற்று வருவதுண்டு. தாம்பத்திய உறவின்போது, அப்பெண்ணின் உடலிலேயே உள்ள கிருமிகள் புறவழிக்குள் தள்ளப்படுவதே காரணம். ஈ.கோலையுடன், ஸ்டெபிலோகாக்கஸ் சாப்ரோஃபைடிகஸ் என்ற தோல்வகைக் கிருமியும் இளம்பெண்களிடம் காணப்படும். இது பால்வினை நோய் அன்று. கணவர் மீதோ மனைவி மீதோ ஐயம் கொள்ள இதில் இடமில்லை. இதனால் குடும்பங்களில் மனத்தாங்கல் ஏற்பட்டு, இருவரும் தனித்தனியே வந்து என்னிடம் விளக்கம் கேட்டதுண்டு. உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம்.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பிறப்புறுப்பில் காவலாக இருந்த லாக்டோபேசில்லஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அதனுடன் குறைகின்றன. அந்த இடத்தைக் குடற்கிருமிகள் பிடிக்கின்றன. இவ்வயதில் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை தொற்று வந்தால் ஒவ்வொரு முறையும் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தங்களுக்குப் பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கூச்சத்தினால் இதனைக் கேட்காமலே பலர் பல ஆண்டுகள் துன்புறுகின்றனர்.

கர்ப்பிணிகள்: எரிச்சல் இல்லாவிட்டாலும் பரிசோதனை

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் காரணமாகச் சிறுநீர் நாளங்கள் தளர்கின்றன. வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது. சிறுநீர் மெதுவாக வடிகிறது. ஆகவே சிறுநீர்ப்பையில் உள்ள கிருமி சிறுநீரகத்தை எட்டுவது எளிதாகிறது.

100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு, எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமிகள் கணிசமான அளவில் இருக்கும். அவர்களுக்குச் சிகிச்சை தராதபோது 20 முதல் 40 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத் தொற்று ஏற்பட்டதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. சிறுநீரகத் தொற்று வந்தால் தாய்க்குக் கடும் காய்ச்சலும் குறைமாதப் பிரசவமும் நேரலாம். மற்றவர்களிடம் அறிகுறி இல்லையெனில் கிருமியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். கர்ப்பிணிகளிடம் அவ்வாறு விடுவதில்லை. "எனக்கு எரிச்சலே இல்லையே, எதற்கு மாத்திரை?" என்ற கேள்விக்கு விடை இதுதான். பதிவுசெய்த தொடக்கத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் பொருந்தாதவை. சில மாத்திரைகள் பிரசவ நாள் நெருங்கும்போது மட்டும் தவிர்க்க வேண்டியவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட இது ஏற்ற காலம் அன்று.

சர்க்கரை நோயாளிகள்

நெடுநாள் சர்க்கரை நோயினால் சிறுநீர்ப்பையின் நரம்புகள் பழுதடைகின்றன. நிறைந்திருப்பதே தெரிவதில்லை, கழித்தாலும் முழுமையாகக் காலியாவதில்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலும் குறைந்திருக்கிறது. இவர்களிடமும் ஈ.கோலையே முதன்மையானது என்றாலும், கிளெப்சியெல்லா அடிக்கடி தென்படும். கட்டுப்பாடற்ற சர்க்கரை உள்ளவர்களுக்கு இவ்விரு கிருமிகளும் சிறுநீரகத்தினுள் வாயுவை உண்டாக்கி, உயிருக்கே ஆபத்தான நிலையை ஏற்படுத்தக்கூடும். அவ்வளவு கடுமையான நோய்கூட வெறும் காய்ச்சலும் வாந்தியுமாகவே தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் 58 வயதுப் பெண்மணி ஒருவரை அழைத்து வந்தார்கள். எரிச்சல் தொடங்கியபோது, மருமகளுக்கு எப்போதோ எழுதித் தந்து மீதமிருந்த மாத்திரையை மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிட்டார். மறுபடி எரிச்சல் வந்தது. மறுபடியும் அதே மாத்திரை இரண்டு வேளை. எட்டாம் நாள் குளிர் நடுக்கத்துடன் வந்தபோது இரத்தச் சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. அவர் சாப்பிட்டது நைட்ரோஃபுரான்டோயின். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது நல்ல மருந்து; சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராததால் மேலே ஏறிய தொற்றை அது தடுக்காது. அரைகுறையாகச் சாப்பிட்ட அந்த மாத்திரை கல்ச்சர் பரிசோதனையையும் கெடுத்துவிட்டது. கிருமி எதுவும் வளரவில்லை என்றே அறிக்கை வந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறியாமலே ஊசி மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அவர் மாவட்ட மருத்துவமனையில் 11 நாள்கள் உள்நோயாளியாக இருந்து உயிர் தப்பினார். மருமகள் நல்லெண்ணத்துடன்தான் மாத்திரையைக் கொடுத்தார். இருபத்தைந்து வயதான, வேறு நோயற்ற அவருக்கு அது சரியாகவே வேலை செய்திருந்தது.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றை உட்கொள்வோருக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். அதற்குச் சிகிச்சை வேறு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்களும் குழந்தைகளும்

50 வயதைக் கடந்த ஆணுக்குத் தொற்று வந்தால், புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீரைத் தடுக்கிறதா, கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் மெல்லிய தாரையாக வருவதையும், இரவில் பலமுறை எழுவதையும் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இளைஞர்களுக்கு இத்தொற்று அரிது. வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. சளியோ இருமலோ இல்லாமல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், வாந்தி ஆகியவையே அறிகுறிகள். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் பிறவியிலேயே அடைப்பு இருக்கலாம், உடனே காட்டுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் மலச்சிக்கலைக் கேட்டறிந்து சரிசெய்தாலே பல தொற்றுகள் குறையும்.

வீட்டில் டியூப் போட்டிருப்பவர்களைப் பராமரிப்போருக்கு

பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், புராஸ்டேட் அடைப்பு போன்ற காரணங்களால் கதீட்டர் பொருத்தப்பட்டவர்களின் நிலை முற்றிலும் வேறு. டியூப் உள்ளே சென்ற பின் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ அனைவருக்கும் கிருமி இருக்கும். டியூபின் உட்புறத்தில் வழவழப்பான படலம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் அவை மறைந்து வாழ்கின்றன. மருந்து அப்படலத்தை எளிதில் ஊடுருவாது. ஈ.கோலையுடன் சூடோமோனாஸ், என்டெரோகாக்கஸ், புரோட்டியஸ் ஆகியவையும், கேண்டிடா என்ற பூஞ்சையும் இங்கே சேர்ந்துகொள்கின்றன.

இவற்றுள் புரோட்டியஸ் தனித்தன்மை உடையது. சிறுநீரில் உள்ள யூரியாவை அது அம்மோனியாவாக மாற்றுகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைந்து, அதில் கரைந்துள்ள உப்புகள் படிகின்றன. டியூப் அடைபடுகிறது, சிறுநீரகத்தில் கல்லும் வளர்கிறது. டியூப் மீண்டும் மீண்டும் அடைபட்டால், அடைப்பு நீக்குவதோடு நிற்காமல், புரோட்டியஸ் உள்ளதா, கல் உள்ளதா என்று கேளுங்கள். முன்னர்ச் சொன்ன நைட்ரோஃபுரான்டோயின் புரோட்டியஸிடம் இயல்பாகவே வேலை செய்யாது.

சிறுநீர் கலங்கலாக இருப்பதும், நாற்றம் வீசுவதும், பரிசோதனையில் சீழ் செல்கள் இருப்பதும் டியூப் போட்டவர்களிடம் வழக்கமானவையே. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்றில் புதிதாக வலி, முன்பு இல்லாத மயக்கநிலை ஆகியவை இன்றி, அறிக்கையில் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. கொடுத்தால் சில நாளில் வேறொரு கிருமி, இன்னும் கடினமானது, அதே இடத்தில் குடியேறும். பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அறிக்கையைப் பார்த்ததும் மருந்து எழுதியிருக்கிறேன். குடும்பத்தார் கேட்கும்போது மறுப்பது இன்றும் எளிதாக இல்லை. மருத்துவர் "இப்போது மருந்து வேண்டாம்" என்று சொன்னால் அதனை அலட்சியம் என்று எண்ணாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை எளியவை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே டியூபைத் தொடுங்கள். பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். டியூபையும் பையையும் தேவையின்றிப் பிரிக்க வேண்டாம். நுழையும் இடத்தை நாள்தோறும் சோப்பு நீரால் சுத்தம் செய்தால் போதும். டெட்டால் போன்றவை வேண்டாம். ஒவ்வொரு முறை மருத்துவரைச் சந்திக்கும்போதும் "இந்த டியூப் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். எடுக்கப்பட்ட டியூபில் தொற்று வருவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிற்கு வரும் செவிலியரிடமும் இவற்றைச் செய்து காட்டச் சொல்லலாம். காய்ச்சல் வந்து கல்ச்சர் எடுப்பதானால், பழைய டியூபை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுப்பதே சரியான முடிவைத் தரும்.

சிறுநீர் மாதிரியும் அறிக்கையும்

முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் மாதிரியைக் கொடுங்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறிதளவு சிறுநீரை வெளியே விட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடியுங்கள். குப்பியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. வீட்டிலிருந்து பழைய மருந்துப் பாட்டிலில் கொண்டு வருவது பயன்படாது. இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தை அடையாத மாதிரியில், வெளியிலேயே கிருமிகள் பெருகித் தவறான முடிவு வரும்.

அறிக்கையில் 1 மில்லிலிட்டருக்கு 1,00,000 என்ற எண்ணைக் காண்பீர்கள். 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவுகோல் இது. எரிச்சல் தெளிவாக இருப்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத்தக்கதே. பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்ததாக அறிக்கை சொன்னால், பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் பிழை, மீண்டும் கொடுங்கள். சீழ் செல்கள் தொடர்ந்து இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை எனில், சிறுநீர்ப் பாதைக் காசநோயையும் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் அப்பரிசோதனை இலவசம். டியூப் இல்லாத ஒருவரின் சிறுநீரில் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால், அது இரத்தத்திலிருந்து இறங்கியதாக இருக்கலாம். அந்த அறிக்கையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து தொடங்கிய பின் கல்ச்சர் அறிக்கை வந்தால், எரிச்சல் தணிந்திருந்தாலும் அதனை எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பு பல முறை நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டவர்களிடமும், அண்மையில் மருத்துவமனையில் தங்கியவர்களிடமும், வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் இப்போது பெருமளவில் காணப்படுகின்றன. மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். பழைய அறிக்கைகளையும், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள்.

மருந்து தொடங்கி 48 மணி நேரத்திற்குப் பின்னும் குறையாத எரிச்சலுக்கு மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலா வலி, மருந்தும் தங்காத வாந்தி, சிறுநீர் வராமல் நின்றுவிடுதல், முதியவருக்குத் திடீரெனப் பேச்சுத் தடுமாறி நினைவு தவறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். கர்ப்பிணிக்கும், சர்க்கரை நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும் காய்ச்சல் மட்டும் இருந்தாலே அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.